மரம் விழுந்தால் லயம் வரைக்கும் எட்டுமா?



ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மலையில் அடிக்கும்போது, லயத்துக்குப் பக்கத்தில் நிற்கிற டர்பன்டைன் மரத்தை நினைத்து ராத்திரி நித்திரை கொள்ளாத குடும்பங்கள் பல. அந்த மரம் சாய்ந்தால் நம்ம கூரைக்கு எட்டுமா? பயந்துகொண்டு இருப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. மரத்தில் ஏறத் தேவையில்லை. சாதாரண தரம் படிக்கிற பிள்ளையின் பாகைமானி போதும்.

பாகைமானியின் நேர்விளிம்பின் நடுவில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் சின்னக் கல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு மேல்பக்கம் இருக்கட்டும். மட்டமாகப் பிடித்தால் நூல் 90இல் நிற்கும். இனி அந்த விளிம்பு வழியாக மர உச்சியைப் பாருங்க. நூல் காட்டுகிற எண்ணைப் பக்கத்தில் ஒருவர் வாசிக்கட்டும். 90க்கும் அந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கோணம்.

மரத்தடியிலிருந்து நீங்கள் நிற்கும் தூரத்தை அந்தக் கோணத்தின் தான்சனால் பெருக்குங்கள். அதோடு உங்கள் கண்மட்ட உயரத்தைக் கூட்டுங்கள். மரத்தின் உயரம் கிடைக்கும். மூன்று எண்களை மனதில் வைத்தால் போதும்: 30 பாகைக்கு 0.58, 45 பாகைக்கு 1, 60 பாகைக்கு 1.73.

உதாரணமாக, மரத்திலிருந்து 40 அடி தள்ளி நிற்கிறீர்கள். நூல் 30ஐக் காட்டுகிறது. அப்படியானால் கோணம் 60 பாகை. 40ஐ 1.73ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 69 அடி. கண்மட்டம் 5 அடி. மொத்தம் 74 அடி. லயம் 60 அடி தூரத்தில் இருந்தால், அந்தப் பக்கம் அடியோடு சாயும் மரம் கூரைக்கு எட்டும்.

நம்ம இடம் சரிவான இடம். மேட்டிலோ பள்ளத்திலோ நின்று பார்த்தால் கணக்குப் பிழைக்கும். ஆகவே சரிவுக்குக் குறுக்காக நடந்து, மரத்தடியோடு ஒரே மட்டத்தில் நின்று பாருங்க. காற்று அடிக்கும் நேரத்தில் மரத்துக்குக் கிட்டப் போக வேண்டாம்.

அளந்த பிறகு மரத்தின் உயரம், லயத்துக்குள்ள தூரம், சாய்ந்திருக்கும் பக்கம் மூன்றையும் எழுதி, தோட்டத்துரைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கொடுங்கள். பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். "பெரிய மரம் ஐயா" என்று வாயால் சொல்வதைவிட, "மரம் 74 அடி, லயம் 60 அடி" என்று எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம். நீங்களாக வெட்டப் போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: கண்மட்டம் 4 அடி, தூரம் 55 அடி, கோணம் 45 பாகை. லயம் 50 அடியில். மரம் எட்டுமா? வீட்டாருக்குச் செய்து காட்டுங்கள்.