துணையிழந்த பெட்டைக்கு

பேத்திக்குத் தாத்தா எழுதுவது.

நீ வளர்த்த இரண்டு சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளில் கறுப்பி இறந்துபோனதையும், எஞ்சிய செவலை அன்று முதல் தீனியை நாடாமல் வேலியோரமாகவே நடந்து குரல் கொடுத்துக்கொண்டிருப்பதையும், அதைக் காணச் சகியாமல் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ அதை மடியில் வைத்துக்கொண்டே பொழுது சாயும் வரையில் உட்கார்ந்திருப்பதையும் எழுதியிருந்தாய். கோழிக்குக்கூடவா துக்கம் என்று சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துக் குடியிருப்பில் சிலர் நகைத்ததாகவும் எழுதியிருந்தாய். அவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் பெட்டைக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை நீ நன்றாக அறிந்துகொள்வது அவசியம், ஏனெனில் அதை அறிந்தால்தான் செய்ய வேண்டிய பரிகாரமும் தெரியும்.

கோழி தனித்து வாழப் பிறந்த ஜீவன் அன்று. நம் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதையாகிய சிவப்புக் காட்டுக்கோழி இன்றும் மூங்கிற்காடுகளிலும் புதர்களிலும் சிறு கூட்டமாகவே மேய்கிறது. தலை குனிந்து மண்ணைக் கிளறும்போது கோழிக்கு ஆகாயத்துப் பருந்தும் தெரியாது, புதரோரத்துக் கீரியும் தெரியாது. ஆகவே ஒன்று மேயும்போது மற்றொன்று தலை நிமிர்ந்து நோக்குவதும், ஆபத்து வானத்திலிருந்து வந்தால் ஒரு விதமாகவும் தரையில் வந்தால் வேறொரு விதமாகவும் குரலெழுப்பி எச்சரிப்பதும், அந்தக் குரலின் வேறுபாட்டை உணர்ந்து மற்றவை பதுங்குவதோ நிமிர்ந்து பார்ப்பதோ செய்வதும் அந்த இனத்தின் சுபாவமாக அமைந்துவிட்டன. துணை போய்விட்டால் மேய்ச்சலும் காவலும் ஒரே தலையின்மேல் விழுகின்றன. நான்கு கொத்துக் கொத்துவதற்குள் நான்கு முறை நிமிர்ந்து பார்க்கிற பிராணிக்கு வயிறு எப்படி நிறையும்? உன் செவலை தீனியை வெறுத்துவிட்டது என்று நீ நினைக்கிறாய். அது தைரியமாகத் தின்ன முடியாமல் தவிக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நார்வே தேசத்தில் தோர்லைஃப் ஷெல்டெரப்-எபே என்று ஒருவர் இருந்தார் (1894–1976). சிறு பிள்ளையாக இருந்த காலத்திலேயே கோழிகளின் நடுவே உட்கார்ந்து, எது எதைக் கொத்துகிறது, எது எதற்கு வழி விடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டே வந்து, கோழிக்கூட்டத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று ஓர் ஒழுங்கு நிலவுவதை 1920-களின் தொடக்கத்தில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவரே. இரண்டே கோழிகள் இருந்தாலும் அந்த ஒழுங்கு உண்டு. கறுப்பி முன்னே நடக்க இது பின்னே நடந்திருந்தால், இப்போது எங்கே போவது, எப்போது கூடடைவது என்பதற்குக்கூட அதற்கு வழிகாட்டி இல்லை. 2011-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் ஒரு பரிசோதனை செய்தார்கள்: தன் குஞ்சுகளின்மேல் லேசாகக் காற்று ஊதப்பட்டு அவை கலங்குவதைக் கண்ட தாய்க்கோழியின் இதயத்துடிப்பு விரைவதையும், கண்ணின் உஷ்ணம் தாழ்வதையும், அது இறகு கோதுவதை நிறுத்திவிட்டுக் குஞ்சுகளை நோக்கிக் குரல் கொடுப்பதையும் கண்டார்கள். பிறிதோர் உயிரின் கலக்கம் தன்னைத் தொடுகிற பிராணிக்குத் துணையின் இழப்பும் தொடும் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துணை வாங்குவதற்கு முன்னால், கறுப்பி எதனால் இறந்தது என்பதைத் தெரிந்துகொள். நாய் கடித்ததோ, வாகனம் மோதியதோ என்றால் கவலையில்லை. காரணம் தெரியாமல் இறந்திருந்தால் வியாதியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்று நம் கிராமத்தார் அஞ்சும் நோய் அதில் முதன்மையானது. 1920-களின் பிற்பகுதியில் இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதனால் இந்தியாவில் அந்த ஊரின் பெயராலேயே வைத்தியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இழுத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8 வார வயதில் இறக்கையின் தோலடியில் ஊசியும் போடுவது வழக்கம்.

நீ இருக்கும் இடத்தையும் எண்ணிப் பார். ஒரு பக்கம் எளாவூர்ச் சோதனைச் சாவடியைக் கடந்து இரவும் பகலும் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. மற்றொரு பக்கம் பழவேற்காட்டு ஏரி, அங்கே தூரதேசத்துப் பறவைகள் பருவந்தோறும் வந்து இறங்குகின்றன. 2024 பிப்ரவரியில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக்காய்ச்சல் கண்டபோது நம் எல்லையிலும் எச்சரிக்கை செய்தார்கள். ஆதலால் திடீரென்று பல கோழிகளோ காகங்களோ மடிவதைக் கண்டால் கையால் தொடாதே. அரசாங்கக் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல். தனிக் கோழி ஒன்று நோயுற்றாலும் அங்கேயே கொண்டு போ. நடமாடும் கால்நடை வைத்திய ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேப்பேரியில் 1903-லிருந்து நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டும் உனக்கு மிகத் தொலைவல்ல. கறுப்பியின் கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நல்ல வெயிலில் காயவிடு. நோயால் இறந்ததென்ற சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் கழியும் வரையில் புதுக்கோழி எதையும் அந்த முற்றத்துக்குள் கொண்டுவரக் கூடாது. செவலை தனித்துத் தவிக்கிறதே என்று உன் மனம் பதறும். ஆனால் அவசரப்பட்டால் துணையாக வருகிற ஜீவனையும் சேர்த்து இழக்க நேரிடும்.

துக்கத்தையும் நோயையும் பிரித்தறியவும் கற்றுக்கொள். துணையைத் தேடும் கோழி நடக்கும், கூவும், எட்டிப் பார்க்கும்; அதன் கண் தெளிவாக இருக்கும். நோயுற்ற கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை மூடியபடி ஒரே இடத்தில் குந்தியிருக்கும். அந்தி வேளையில் செவலையின் கழுத்தடியிலுள்ள இரைப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பார். நிரம்பியிருந்தால் உனக்குத் தெரியாமல் தின்கிறது என்று அறிவாய். இரண்டு நாள் தொடர்ந்து இரைப்பை வெறுமையாக இருந்தால் வைத்தியரிடம் போகத் தாமதிக்காதே. முட்டை நின்றுவிட்டதற்காக மட்டும் கலங்காதே. அடை காக்க விரும்பினாலும், இறகு உதிர்க்கும் பருவம் வந்தாலும் முட்டை நிற்கும்.

துணை வரும் வரையில் நீயே அதற்குக் காவலாக இரு. மடியில் வைத்துக்கொள்வதைவிட, அது மேயும்போது அருகே தரையில் அமர்ந்திருப்பதே அதற்கு உபகாரம். யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்தால் தலை குனிந்து தின்னும். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் தீனி போடு. கம்பும் நொய்யும் எடுபடாவிட்டால் கரையான் கொடுத்துப் பார். பழைய பானையில் கிழிந்த சாக்கும் உலர்ந்த சாணமும் ஓலையும் போட்டு நீர் தெளித்து, புற்றுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் ஏறியிருக்கும். அதை மறுக்கிற நாட்டுக்கோழியை நான் கண்டதில்லை. மிக்சர், முறுக்கு முதலிய உப்புப் பண்டங்களைப் பிரியத்தினால்கூடக் கொடுக்க வேண்டாம். கூட்டின் ஓரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால் சில கோழிகள் அமைதியடைகின்றன. அதைத் தற்காலிக உதவியாக மட்டுமே கொள். ஐப்பசி கார்த்திகை மழை நாட்களில் உடலோடு உடல் ஒட்டிச் சூடு பெறத் துணை இல்லாதபடியால், கூட்டுக்குள் உலர்ந்த வைக்கோலை நிறையப் பரப்பு.

மண் குளியல் கோழிக்கு மிகுந்த ஆறுதல் தருவது. பேன் செள்ளு போவதும் அதனால்தான். ஆனால் ஆலை உலைகள் இருக்கும் உங்கள் வட்டாரத்தில் ஆலையோரத்துக் கருமண்ணையும் கசடையும் அள்ளி வந்து போட்டுவிடாதே. மண்ணில் ஈயம் போன்ற உலோகம் கலந்திருந்தால் கோழி அதைக் கொத்தி விழுங்கும். பிறகு அது முட்டைக்குள்ளும் வந்து சேரும், அந்த முட்டையை நீயும் உண்பாய். சுத்தமான மணலும் விறகடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு பழைய தொட்டியில் வைத்தால் போதும்.

இப்போது துணையைப் பற்றி. உங்கள் தெருவுக்குச் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வருகிறவரிடம் கலர் கோழிக்குஞ்சு வாங்கிச் செவலையிடம் விடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், குழந்தாய். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவற்குஞ்சுகள். முட்டையும் இடா, இறைச்சிக்கும் வேகமாக வளரா என்பதனால் பொரிப்பகங்கள் மலிவாகக் கழித்துவிடுபவை. பிறந்த சில நாட்களுக்குள் தாயின் சூடும் இல்லாமல், சாயத்தில் நனைக்கப்பட்டு, வெயிலில் அலைக்கழிக்கப்படுகிற அந்தச் சிசுக்களில் எத்தனை உயிர் பிழைக்கும்? பச்சையும் ரோஜா நிறமுமாக அவற்றைக் காண்கையில் குழந்தைகள் உள்ளம் மயங்குவது இயற்கையே. ஆனால் நாம் வாங்குவதனால்தான் அந்தக் கொடுமை தொடர்கிறது. அன்றியும் வளர்ந்த பெட்டை முன்பின் அறியாத சிறு குஞ்சைக் கொத்திக் கொன்றுவிடவும் கூடும். உன் தோழியரில் யாருக்கேனும் அப்படிப் பிழைத்த சேவல் ஒன்று தனித்திருந்தால், அதற்கு இன்னொரு சேவலைத் துணையாகத் தேட வேண்டாமென்றும் பெட்டைகளையே தேடும்படியும் சொல்.

செவலைக்கு ஏற்றவை, அதன் பருமனுக்கு ஒத்த, தடுப்பூசி போடப்பட்ட, பருவமடைந்த இரண்டு நாட்டுப் பெட்டைகள். இரண்டு ஏனென்றால், புதிதாக வந்தது ஒன்றே ஒன்றானால் கொத்துகளெல்லாம் அதன்மேலேயே விழும். பின்னால் ஒன்று இறந்தாலும் மற்றது தனியாகாது. வந்தவற்றை மூன்று நான்கு வாரம் முற்றத்தின் மறுகோடியில் தனிக்கூட்டில் வைத்திரு. முதலில் செவலைக்குத் தீனி போட்டு, பிறகே அவற்றுக்குப் போட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவு. அந்த வாரங்கள் நோயின்றிக் கழிந்த பிறகு, நடுவே கம்பி வலை கட்டி, ஒன்றையொன்று காணும்படியும் கொத்த முடியாதபடியும் ஒரு வாரம் விடு. வலையின் இருபுறமும் அருகருகே தீனி வைத்தால், மற்றவை தின்பதைக் கண்டு செவலையும் தின்னத் தொடங்கும். அதன் காவல் பாரம் அன்றே பாதி குறைந்துவிடும். பிறகு ஒரு நாள் இருட்டிய பின் புதியவற்றை எடுத்து அதன் பக்கத்தில் பரணில் அமர்த்திவிடு. கோழிக்கு இருளில் கண் சரியாகத் தெரியாது. சண்டையின்றி இரவு கழியும். விடிந்ததும் கொத்தல் இருக்கும். முதலிடம் யாருக்கு என்று அவை தீர்மானித்துக்கொள்கிற அந்தச் சில நாட்களில் நீ இடைபுக வேண்டாம். தீனித்தட்டும் தண்ணீர்ச்சட்டியும் இரண்டிரண்டு இடங்களில் வை, ஒளிந்துகொள்ள ஒரு கூடையைச் சாய்த்து வை. இரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரித்துவிடு, ஏனெனில் சிவப்பைக் கண்ட கோழிகள் மேலும் மேலும் அங்கேயே கொத்தும்.

இவற்றுக்கெல்லாம் உங்கள் வாடகை வீட்டில் இடமில்லை என்று உன் அப்பா சொல்லக்கூடும். ஆலை வேலையில் முறை மாறி மாறிப் போய்வருகிறவருக்கு மூன்று கோழிகளின் சம்ரட்சணை பாரமாகவும் இருக்கலாம். அப்படியானால் செவலையைக் கூட்டமாகக் கோழி வளர்க்கிற நல்லவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடு. உன் பிரியத்துக்காக அது தனித்துத் தேய்வதைவிட, நாலு கோழிகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டு ஊத்துக்கோட்டையில் என் தோட்டத்தில் திரிவது அதற்கு நன்மை. அழுகை வந்தால் அழுதுவிட்டு அதைச் செய்.

இந்தச் சனிக்கிழமையே அப்பாவை அழைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய், செவலையைக் காட்டி, கறுப்பி இறந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல். வைத்தியர் கூறியதை எனக்கு எழுது. அவர் சம்மதித்த பிறகு பெட்டைகள் இரண்டையும் இங்கிருந்து நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உன் தாத்தா