பாட்டி சொல்லும் மிஸ்ஸி சொல்லும்



முப்பது கழித்துப் பிள்ளையை ஆலயத்திற்குக் கொண்டுவரும் இளந்தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு: "சார், பாட்டி தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார், கிளினிக் மிஸ்ஸி கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போவார். ஆயாக்கொட்டகையில் எங்களுக்கு இனிப்பு டின் பாலைக் கரைத்துக் கொடுப்பார்கள். என் தம்பி வயிற்றுப்போக்கில் ஒரு வயதுக்குள் தவறிவிட்டான். யாரைக் குறை சொல்வது? அன்று அறிந்தது அவ்வளவே.

தாய்ப்பாலுக்குப் பதில் டின் பாலைப் பரப்புவது கொலைக்கு ஒப்பானதென்று 1939இலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் எச்சரித்தார். அச்சொல் எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் கூறிவருகிறது. தேவையான நீர் அப்பாலிலேயே உண்டு; தண்ணீரால் வயிறு நிறைந்தால் பால் குடிப்பது குறையும். தேனில் நச்சுக் கிருமி இருக்கக்கூடுமாதலால் 1 வயதுவரை நாவில் தடவவும் கூடாது. குழந்தையை மல்லாக்கவே தூங்கவைக்க வேண்டும்.

ஆயினும் பாட்டிமார் வற்புறுத்திய பச்சை உடம்புக்காரியின் ஓய்வு மெய்யானது. அன்று தோட்டப் பெண்ணுக்கு அது எட்டாக்கனி. 2023 முதல் சட்டமே 98 நாள் பேறுகால விடுப்பு தருகிறது.

ஆகவே பாட்டியை ஒதுக்காதீர்கள். அடுத்த முறை கிளினிக்குக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மிஸ்ஸி சொல்வதை அவரும் கேட்கட்டும். பேரப்பிள்ளைக்கு நல்லதென்று அறிந்தால் எந்தப் பாட்டி மறுப்பார்?