விலை குறைந்த இரட்டைக்குழல் ரைபிளை இணக்கும் முறை

இரட்டைக்குழல் ரைபிள் என்பது, ரவைகளைச் சிதறச் சுடும் வழவழப்பான குழல்கள் கொண்ட துப்பாக்கியினின்று வேறுபட்டு, உட்புறத்தில் சுருள் வரிப்பள்ளம் வெட்டிய இரு குழல்களை அருகருகே பூட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி விசை வைத்து, ஒரு குண்டு போன மறுகணமே அடுத்த குண்டைச் செலுத்த இடந்தரும் வேட்டைக் கருவியாகும். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் இந்திய, ஆப்பிரிக்கக் காடுகளுக்கென இதைச் செம்மைப்படுத்தினர். குமாவோன் மலைகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிச் சென்ற ஜிம் கார்பெட் பயன்படுத்தியவற்றுள் ஜெஃப்ரி நிறுவனத்தின் .450/400 இரட்டைக்குழலும் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டை தடைசெய்யப்பட்டிருப்பதால், இக்கருவியை வாங்கிச் சீர்செய்து பயன்படுத்தும் வழக்கம் உரிமத்தோடு வேட்டை நடைபெறும் அமெரிக்கா முதலிய நாடுகளில்தான் இன்று தொடர்கிறது.

இலண்டனின் பெயர்பெற்ற பட்டறைகளில் இத்தகைய ரைபிள் ஒன்றின் விலை இலட்சம் பவுண்டைத் தாண்டும். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் பைக்கால் என்னும் வணிகப் பெயரில் செய்யப்பட்டு, சில காலம் ரெமிங்டன் நிறுவனத்தின் வழியாகவும் அமெரிக்கச் சந்தைக்கு வந்த எம்.பி-221 அந்தத் தொகையின் மிகச் சிறு பங்குக்கே கிடைத்தது. வேலைப்பாடும் மரத்தின் தரமும் இவ்வேறுபாட்டில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கும். பெரும்பகுதி, இரு குழல்களும் ஒரே இலக்கில் சுடும்வரை குழல்களை இணைக்கும் ஈயப்பற்றை உருக்கி, முனைகளுக்கு இடையிலுள்ள ஆப்பை நகர்த்தி, மீண்டும் பற்றவைத்துச் சுட்டுப் பார்க்கும் கைவினைஞரின் நாட்களுக்கான கூலியாகும். இணக்குதல் எனத்தக்க இந்த வேலையை மலிவான ரைபிள் தன் உரிமையாளரிடமே விட்டுவிடுகிறது என்பதையும், அவர் அதைப் பொறுமையாகச் செய்தால் காட்டுக்குத் தேவையான துல்லியம் கைகூடும் என்பதையும் வாங்கும்போதே உணர்ந்திருப்பது நல்லது.

இணக்குதலின் அடிப்படையை அறியாமல் திருப்புளியை எடுப்பது வீண். இரு குழல்களும் ரைபிளின் நடுக்கோட்டுக்குச் சற்று விலகி அமைந்திருப்பதால், வலக்குழல் வெடிக்கும்போது பின்னுதைப்பு ரைபிளை மேலும் வலமுமாகத் திருப்புகிறது. இடக்குழல் வெடித்தால் மேலும் இடமுமாகத் திருப்புகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே இத்திருப்பம் தொடங்கிவிடுவதால், குழல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இராமல் முனைப்பகுதியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்குமாறு அமைக்கப்படுகின்றன. சாய்வும் திருப்பமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்போது இரு குண்டுகளும் அருகருகே சென்று பதிகின்றன. குண்டு குழலுக்குள் தங்கும் நொடிப்பகுதியே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வேகங்குறைந்த தோட்டாவில் குண்டு அதிக நேரம் உள்ளே தங்குவதால் திருப்பம் மிகுந்து, வலக்குழலின் குண்டு வலப்புறமும் இடக்குழலின் குண்டு இடப்புறமும் விலகிப் பதியும். வேகம் மிகுந்த தோட்டாவில் திருப்பம் முற்றுப்பெறுமுன் குண்டு வெளியேறிவிடுவதால், இரண்டும் ஒன்றையொன்று குறுக்கிட்டு இடம்மாறிப் பதியும்.

ஆகவே முதல் வேலை தோட்டாவைத் தேர்வதேயன்றிக் குழலை அசைப்பதன்று. எம்.பி-221 விற்கப்பட்ட அளவுகளுள் ஒன்றான .45-70 இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. 1873இல் அமெரிக்கப் படைக்கென அறிமுகமான இத்தோட்டாவுக்கு, பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்குரிய மென்மையான அளவு, நெம்புகோல் ரைபிளுக்குரிய நடுத்தர அளவு, வலிமைமிக்க ஒற்றைத் தோட்டா ரைபிளுக்குரிய உச்ச அளவு என மூன்று அழுத்தப் படிகளைத் தோட்டாக் கையேடுகள் தனித்தனியே தருகின்றன. இரட்டைக்குழலின் கீல்மூட்டு உச்சப் படிக்கு உரியதன்று. உற்பத்தியாளர் வகுத்த அழுத்த எல்லைக்குள் நின்று, அடர்காட்டில் நூறு கெஜத்துக்குள் பன்றியையோ கருங்கரடியையோ சுடுவதற்கு மிதமான தோட்டா தாராளமாகப் போதும். ஒவ்வொரு குழலையும் முதலில் தனியாகச் சுட்டு, எந்தத் தோட்டாவில் அதன் துளைகள் நெருங்கி விழுகின்றன எனக் கண்டறிய வேண்டும். தனித்தனியே சிதறிச் சுடும் இரு குழல்களை எந்த ஆப்பும் ஒன்றுசேர்க்காது.

சோதிக்கும் முறையில் நிகழும் பிழைகளே பலரைக் குழப்புகின்றன. கடினமான மேசைமீதோ மரக்கட்டைமீதோ முன்கட்டையை நேரடியாக வைத்துச் சுட்டால் ரைபிள் துள்ளியெழுந்து, காட்டில் கையால் பிடித்துச் சுடும்போது பதியும் இடத்தைவிட உயரத்தில் பதியும் என்பதால், மணல்மூட்டைமீது கையை வைத்து அக்கையில் முன்கட்டையை ஏந்துவதோ, நின்றபடி குச்சிகளின் தாங்கலில் சுடுவதோதான் நம்பத்தக்க விடையைத் தரும். ஐம்பது கெஜத்தில் வலம், உடனே இடம் என ஓர் இணையாகச் சுட்டு, குழல்கள் முழுவதும் குளிரும்வரை காத்திருந்து, பிறகே அடுத்த இணையைத் தொடங்க வேண்டும். ஒரு குழல் மட்டும் சூடேறினால் அது நீண்டு மற்றதை வளைக்கும். துளை ஒவ்வொன்றின் அருகிலும் அது எக்குழலுடையது என்று எழுதி வைக்காவிட்டால், குறுக்கிட்ட குண்டுகளையும் விலகிய குண்டுகளையும் பிரித்தறிய வழியில்லை. இவ்விரண்டுக்கும் தீர்வோ ஒன்றுக்கொன்று நேரெதிரானது.

விரும்பத்தக்க முடிவு, இரு குழல்களும் சுட்ட துளைக்குழுக்களின் நடுப்புள்ளிகள் குழல்களின் இடைவெளி அளவே விலகி அருகருகே நிற்பதாகும். எம்.பி-221இல் குழல்முனைகளின் இடைவெளியை உரிமையாளரே மாற்றிக்கொள்ளும் அமைப்பு உண்டு. இவ்விலைக்கு இது பெரிய கொடை. குண்டுகள் விலகிப் பதிந்தால் முனைகளை நெருக்கவும், குறுக்கிட்டால் அகற்றவும் வேண்டும். சிறு அளவாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் பின் புதிய இணைகளைச் சுட்டு, பெரும்பிழை நீங்கியதும் அமைப்பை இறுக்கிவிட்டு, எஞ்சிய சிறு வேறுபாட்டைத் தோட்டாவின் வேகத்தைச் சற்றே ஏற்றியோ இறக்கியோ தீர்ப்பது சரியான வரிசை. ஒரு குழல் மற்றதைவிட உயரத்தில் சுடுவதைத் தோட்டாவின் வேகத்தால் திருத்த இயலாது. அது தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞரின் வேலை. இரு குழுக்களும் சேர்ந்த பிறகே குறிநோக்கியைத் தொட வேண்டும்.

விசைகளின் கடினத்தன்மை இவ்வகை ரைபிள்களைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை. அதை வீட்டில் அரத்தால் தேய்த்து இளக்குவது ஆபத்தானது. விசையின் பற்றுமுனை தேவைக்கு மேல் குறைந்தால், முதற்குழலின் அதிர்ச்சியிலேயே இரண்டாம் குழலும் வெடித்து, தோளையும் கட்டையையும் ஒருசேரச் சிதைக்கக்கூடும். இப்பணியைக் கைவினைஞரிடம் ஒப்படைத்தபின்னும், இரு குழல்களிலும் ஒரே வேளையில் தோட்டா இடாமல், ஒன்றை மட்டும் நிரப்பி விசைகளைச் சோதிப்பது நலம்.

சோதனையில் கிடைத்த முடிவு பருவத்துக்கும் கட்டுப்பட்டது. வெப்பத்தில் அழுத்தம் கூடும் கார்டைட் என்னும் வெடிமருந்தின் காரணமாகவே, வெப்ப நாடுகளுக்கெனக் குறைத்த அளவுத் தோட்டாக்களை முற்காலப் பிரித்தானியத் தயாரிப்பாளர்கள் தனியே செய்தனர். இக்கால மருந்துகளில் இவ்விளைவு குறைவெனினும் இல்லாமற்போகவில்லை; குளிர்காலத்தில் இணக்கிய ரைபிளைக் கோடையில் ஒருமுறை சுட்டுப் பார்ப்பதும், பொருந்திய மருந்தை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து போதிய அளவு வாங்கி வைப்பதும், தொகுதி மாறும்போது இணையைப் புதிதாகச் சோதிப்பதும் இதன்பொருட்டேயாம்.