பழைய பொலேரோவுக்கு வேறு ஆக்சில் போடலாமா?

எங்களிடம் 2008 மாடல் மஹிந்திரா பொலேரோ இருக்கிறது. டூ வீல் டிரைவ். ஜவ்வாதுமலையில் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்க ஆசை. பழைய ஜீப் ஆக்சில்களை வாங்கி மாட்டி, ஃபோர் வீல் டிரைவ் ஆக்கலாமா?
– வாசகர், பெரணமல்லூர்

வேண்டாம். ஆக்சிலை மட்டும் மாற்றினால் முன்சக்கரம் இழுக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்கத்துக்குத் தனி ஷாஃப்ட் எல்லாம் வேண்டும். முன், பின் கிரவுன் பினியன் விகிதம் ஒத்துப்போகாவிட்டால் கியர் முறுக்கிக்கொண்டு உடையும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. விபத்தென்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குத் தார் ரோடே இருக்கிறது. இருக்கிற பின் ஆக்சிலைக் கவனியுங்கள். டிஃபரன்ஷியலின் நிரப்பு போல்ட்டைக் கழற்றி விரலை விட்டால் ஆயில் தொட வேண்டும். அது பால் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; உடனே மாற்றுங்கள். பிரேக் டிரம்முக்குள் பிசுக்கு தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கலாம். ஆக்சிலே கெட்டிருந்தால் அதே மாடல் ஆக்சிலைப் போடுங்கள், தப்பில்லை.

நல்ல டயர் நான்கு போட்டு, வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.