வெறும் வயிறா, தேத்தண்ணியா? கொலஸ்ட்ரோல் பார்க்கப் பதுளைக்கு பஸ் ஏறுமுன்

மடூல்சீமையில் இருக்கும் என் பெரியம்மா போன வருஷம் கொலஸ்ட்ரோல் பார்க்க இரத்தம் கொடுக்கப் போனார். துணைக்கு நான். லெப்பில் இருந்த பிள்ளை, "வெறும் வயித்தோடதானே வந்தீங்க அம்மா?" என்று கேட்டாள். "ஆமா புள்ள, ராத்திரியிலேருந்து சஷ்டி விரதம் மாதிரித்தான் இருக்கேன். காலையில கொஞ்சம் பாலும் ரெண்டு வாழைப்பழமும், அவ்வளவுதான்" என்றார் பெரியம்மா. அந்தப் பிள்ளை ஊசியைக் கீழே வைத்துவிட்டது.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. நம் விரதத்தில் பாலும் பழமும் உண்டு. லெப்காரர் சொல்லும் வெறும் வயிற்றில் தண்ணீர் மட்டுமே உண்டு. சீனி போட்ட சாயம், சீனி போடாத சாயம், வெற்றிலை எதுவும் கிடையாது. அன்று ஒரு பேர், அதாவது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம், போனது. மறுபடி வந்த நாளில் இன்னொரு பேர். சும்மா கிடைக்கிற பரிசோதனைக்குத் தோட்டத்து ஆள் கொடுக்கிற விலை இதுதான். ஆகவே எங்கே போவது, எப்படிப் போவது என்பதைப் பேர் போகிற கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி, பட்டினி கிடக்கத்தான் வேண்டுமா?

முழுப் பரிசோதனையில் நாலு எண் வரும்: மொத்தக் கொலஸ்ட்ரோல், நல்லது என்று சொல்லப்படும் எச்.டி.எல்., கெட்டது என்று சொல்லப்படும் எல்.டி.எல்., டிரைகிளிசரைட். இவற்றில் எல்.டி.எல்.-ஐப் பல லெப்கள் நேராக அளப்பதில்லை. மற்ற மூன்றையும் அளந்து, 1972இல் ஃபிரீட்வால்ட் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிச்சம் எல்.டி.எல். சாப்பிட்டதும் ஏறுவது முக்கியமாக டிரைகிளிசரைட்தான். கணக்கு கெட்டுவிடக் கூடாது என்றுதான் 9 முதல் 12 மணி நேரம் பட்டினி என்ற வழக்கம் வந்தது.

எவ்வளவு கெடும் என்று போட்டுப் பார்ப்போம். மொத்தம் 220, எச்.டி.எல். 45, டிரைகிளிசரைட் 150 என்றால் எல்.டி.எல். 145. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டதில் டிரைகிளிசரைட் 180 ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அதே எல்.டி.எல். 139 என்று வரும். ஆறு புள்ளி. கொலஸ்ட்ரோல் சும்மாவே நாளுக்கு நாள் அதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். டென்மார்க்கில் 2009 முதல் பட்டினியில்லாமலே இரத்தம் எடுக்கிறார்கள். 2016இல் ஐரோப்பிய நிபுணர் குழுவும், 2018இல் அமெரிக்க வழிகாட்டியும் வழக்கமான பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்றன. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் வரும் எண்ணுக்கு (நம் கணக்கில் 175) டிரைகிளிசரைட்டே தேவையில்லை. அதனால் பல டாக்டர்மார் இப்போது அதையும் பார்க்கிறார்கள்.

ஆகவே முதல் தடவை பார்க்கிறவருக்கு, சீனி வியாதியோ இருதய வருத்தமோ இல்லாதவருக்கு, என் வாக்கு சாப்பிட்டுவிட்டுப் போவதற்குத்தான். வழக்கமான சாப்பாடு போதும், கல்யாண வீட்டுச் சாப்பாடு வேண்டாம்.

வெறும் வயிறு வேண்டியவர்களும் உண்டு. முன்பே டிரைகிளிசரைட் கூடியவர்கள். சாப்பிட்டுவிட்டுக் கொடுத்ததில் அது 400ஐத் தாண்டியவர்கள், அவர்களுக்கு அந்தச் சூத்திரமே செல்லாது. டாக்டர் தெளிவாக அப்படிச் சொன்னவர்கள். இன்னொன்றை ஆட்கள் கவனிப்பதில்லை: டாக்டர் எழுதித் தரும் துண்டில் கொலஸ்ட்ரோலுக்குப் பக்கத்தில் எஃப்.பி.எஸ். என்று இருந்தால் அது வெறும் வயிற்றுச் சீனி. கொலஸ்ட்ரோலுக்குத் தேவையில்லாவிட்டாலும் அதற்குக் குறைந்தது 8 மணி நேரம் பட்டினி வேண்டும். இங்கிலீஷில் எழுதிய துண்டு புரியவில்லை என்றால் வாங்கும்போதே நேர்ஸிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி இடம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்கலாம், குளிசை வாங்கலாம். இந்தப் பரிசோதனைக்கு அங்கே பெரும்பாலும் வசதி இருக்காது. ஆனால் எங்கே, எந்த நாளில் என்பதை விசாரித்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார். முதலில் அங்கே கேளுங்கள்.

நான் முதலில் சொல்வது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் தொடங்கிய ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களை. காசில்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்கள், நோய் இல்லாதபோதே போக வேண்டிய இடம். எடை, உயரம், பிரஷர், சீனி, மொத்தக் கொலஸ்ட்ரோல் எல்லாம் பார்த்து, வயதையும் புகைப் பழக்கத்தையும் சேர்த்து, அடுத்த பத்து வருஷத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துச் சொல்வார்கள். தனி எண்ணைவிட இந்தக் கணக்குத்தான் பெறுமதி. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அது பெரும்பாலும் சீனிக்காக. எல்லா நாளும் நடக்காது, நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். "மலை ஏறி இறங்குற உடம்புக்குக் கொழுப்பு எங்க வரப்போகுது" என்று லயத்தில் சொல்வார்கள். வரும். ஒல்லியானவருக்கும் வரும், பரம்பரையிலும் வரும்.

கிளினிக் கொப்பி உள்ளவர்களுக்குப் பதுளைப் பெரியாஸ்பத்திரியோ, தியத்தலாவை, வெலிமடை ஆஸ்பத்திரிகளோதான் வழி. வரிசை நீளம். ஆஸ்பத்திரி லெப்பில் மருந்துத் திரவம் இல்லாத நாட்களில் வெளியே செய்துகொண்டு வாருங்கள் என்று துண்டு வரும். 2022 பொருளாதார நெருக்கடியில் இது நிறையவே நடந்தது.

தனியார் லெப்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் இருக்கின்றன. காசு போகும், ஆனால் விடியற்காலையில் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். முழுப் பேரும் போவதற்குப் பதில் அரைப்பேராவது மிஞ்சினால் சில வீடுகளில் இது மலிவாகவே முடியும். எந்த லெப்பில் தொடங்கினாலும் அடுத்த முறையும் அங்கேயே, அதே முறையில் கொடுங்கள். ஒரு தடவை சாப்பிட்டும் மறு தடவை பட்டினியாகவும் கொடுத்த எண்களை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சின்ன மெஷின், பார்மசிகளிலும் கோயில் மண்டபத்து முகாம்களிலும் வரும். கூடுதலா குறைவா என்று தோராயமாகச் சொல்லும். ஹப்புத்தளைக் குளிரில் விறைத்த விரலைப் பிழிந்து எடுத்தால் இரத்தத்தோடு திசுநீரும் கலந்து எண் பிசகும். கையைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண்ணை நம்பி மருந்து தொடங்கவும் வேண்டாம், மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

பட்டினிதான் என்று முடிவானால் ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பது மணிக்கு முடியுங்கள், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் இரத்தம் கொடுத்துவிடலாம். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், நரம்பு கிடைக்க அதுவும் உதவும். பிரஷர் குளிசையை வழக்கம்போலத் தண்ணீரோடு போடலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும் அப்படியல்ல. சாப்பிடாமல் எடுத்தால் பசறை வளைவுகளில் பஸ்ஸிலேயே மயங்கி விழலாம். இரத்தம் கொடுத்து, சாப்பிடும்போது எடுப்பதா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். பையில் ரொட்டிப் பொதி இருக்கட்டும். கொழுப்புக் குளிசையை ரிப்போர்ட் "உண்மையாக" வர வேண்டும் என்று நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே பரிசோதனை?

சாராயம் டிரைகிளிசரைட்டை ஏற்றும். சம்பளம் போட்ட மறுநாளைத் தவிர்த்து, இரண்டு மூன்று நாள் விட்டுப் போங்கள். காய்ச்சலோடு போகாதீர்கள், எண் பொய்யாக இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அது தானாகவே ஏறும், பிள்ளை பிறந்து ஆறு வாரம் போகட்டும். பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் தேங்காய்ச் சம்பலைத் தள்ளிவைப்பது பரீட்சையில் பார்த்து எழுதுவது மாதிரி, ஏமாறுவது நீங்கள்தான். மேடு ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கொடுங்கள்.

ரிப்போர்ட்டில் 220க்குப் பதில் 5.7 என்று இருந்தால் கொழுப்பு கரைந்துவிடவில்லை, அலகு மாறியிருக்கிறது. அதை 38.7 ஆல் பெருக்கினால் பழைய எண் வரும். டிரைகிளிசரைட் என்றால் 88.6 ஆல்.

வழியில் பஸ் ஸ்டாண்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டீர்களா? மறைக்காமல் லெப்பில் சொல்லிவிடுங்கள். துண்டில் சீனிப் பரிசோதனை இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைக்கே இரத்தம் எடுக்கலாம்.