தூணா, அலங்காரமா?

'கல்ட்' படம் பிடிக்கலைன்னு யாராவது சொன்னா, நம்மகிட்ட ரெடியா ஒரு பதில் இருக்கு: "உங்களுக்குப் புரியல." போன லீவுல மேலூர்ல அப்பாகிட்ட நானும் அதைத்தான் சொன்னேன். படம், செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'. 2010 பொங்கலுக்கு வந்தப்போ பலருக்குப் பிடிக்கல. 2021 டிசம்பர் 31 அன்று மறுபடி ரிலீஸ் ஆனப்போ தியேட்டர்ல கொண்டாடினாங்க.

படம் ஆழமா, இல்ல சும்மா சீன் போடுதா? சிவில் பசங்க மாதிரி யோசிப்போம். ஒரு தூணை எடுத்தா கட்டடம் விழுமா? விழுந்தா அது பாரம் தாங்குற தூண். விழலைன்னா அலங்காரம்.

இரண்டாம் பாதியில் ஒளிந்து வாழும் சோழர்கள் பழந்தமிழ் பேசுறாங்க. அதுக்குப் பதிலா இன்றைய தமிழை வெச்சா, அவங்களோட பல நூற்றாண்டுத் தனிமையே காணாமப் போயிடும். கார்த்தி நடிச்ச முத்து, சென்னையில் சுமை தூக்குற ஆள். அங்கே அவனுக்கு வர்ற திகைப்புதான் நமக்கும். ஆக, இது தூண். முதல் பாதிப் பாட்டுல சிலதை எடுத்தாலும் கதை நிக்கும், அது அலங்காரம்.

இதை அப்பாகிட்ட விளக்கினேன். "அப்போ, எனக்குப் புரியலன்னியே, அது?" என்றார்.

அலங்காரம்தான். அப்பாவுக்குப் படம் இன்னும் பிடிக்கல. ஆனா இப்போ பேசிக்கிறோம்.