காற்று எந்தப் பக்கம் போகிறது?

மாணவர்களே, ஈப்போவில் கார்செம், யூனிசெம் போன்ற மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? தலை முதல் கால் வரை மூடிய உடையோடு 'தூய்மை அறை'க்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே ஒரு தூசு விழுந்தால் ஒரு சில்லு கெடும். ஊசி மருந்து நிரப்பும் தூய்மை அறையில் விழுந்தாலோ, ஓர் உயிரே போகலாம்.

பல மருந்துகளைப் புட்டியில் அடைத்த பிறகு 121 பாகை செல்சியஸ் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கலாம். தடுப்பூசி போன்றவை அந்தச் சூட்டைத் தாங்காது. அவற்றை நிரப்பும்போதே கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காவலாக நிற்பது காற்று. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் வகுத்த வழி இது: வடிகட்டிய காற்றைக் கூரையிலிருந்து ஒரே சீராகக் கீழே இறக்கினால், அது தூசைத் தள்ளிக்கொண்டே போய்விடும். இதுதான் வரிச்சீர் ஓட்டம்.

இந்தக் காற்றின் வேகம் விநாடிக்கு 0.36 முதல் 0.54 மீட்டர் வரை. நீங்கள் மெதுவாக நடப்பதைவிடக் குறைவு. ஊழியர் கையைச் சட்டென்று வீசினால், கை காற்றை முந்திவிடும். பின்னால் சுழல் உண்டாகும். அந்தச் சுழல், சட்டைக் கையில் ஒட்டிய துகளைத் திறந்த புட்டியின் வாய்க்கே கொண்டுபோகலாம். அதனால்தான் அங்கே வேலை செய்பவர்கள் தண்ணீருக்குள் அசைவதுபோல அசைகிறார்கள்.

துகள் எண்ணும் கருவி இருக்கிறதே என்பீர்கள். ஒரு கன மீட்டரில் 0.5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் 3,520க்கு மேல் கூடாது என்பது விதி. ஆனால் அந்தக் கருவி, தான் இருக்கும் இடத்தில் எத்தனை துகள் என்று மட்டுமே சொல்லும். எந்த வழியாக வந்தது என்று சொல்லாது. வழியைக் காட்ட வெண்புகை வேண்டும்.

சாம்பிராணி உதவுமா? உதவாது. எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படியும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சூடான புகை தானாகவே மேலே ஏறும் என்பது. அந்தக் காலத் தோட்டங்களில், கீழே மூட்டிய விறகின் புகை மேலே ஏறித்தான் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தியது. இங்கோ புகைக்குச் சொந்த விருப்பமே இருக்கக்கூடாது. காற்று இழுத்த பக்கம் போக வேண்டும். ஆகவே தூய நீரை மீயொலியால் நுண்துளிகளாக்கி, மூடுபனிபோல் விடுகிறார்கள். (புட்டியை மூடும் ரப்பர் அடைப்பான்கூட இன்று பெரும்பாலும் பால் மரத்து ரப்பர் அல்ல, செயற்கை ரப்பர்.)

அறை சும்மா இருக்கும்போதும், ஆட்கள் வேலை செய்யும்போதும் இச்சோதனையைப் படம்பிடிக்க வேண்டும். பனி புட்டிக்கு மேல் தேங்கினாலோ, ஊழியரிடமிருந்து புட்டியை நோக்கித் திரும்பினாலோ, மேசையை நகர்த்த வேண்டும், அல்லது ஆள் நிற்கும் இடத்தையோ வேலை செய்யும் முறையையோ மாற்ற வேண்டும். பிறகு மீண்டும் சோதனை. மலேசியா 2002 முதல் உறுப்பினராக உள்ள பன்னாட்டு மருந்து ஆய்வு அமைப்பின் வழிகாட்டியும் இதைக் கேட்கிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? தமிழ்நாட்டின் திருப்போரூரில் தயாரான கண் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட கிருமித்தொற்று, 2023 மே மாதக் கணக்கின்படி அமெரிக்காவில் 81 பேரைப் பாதித்திருந்தது. 14 பேருக்குப் பார்வை போனது, நால்வர் இறந்தனர். மருந்து கிருமியற்றது என்று உறுதிசொல்ல அந்த ஆலையின் தயாரிப்பு முறை போதாது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் குறித்தனர். அந்த உறுதியைத் தரும் சோதனைகளில் ஒன்றுதான் நாம் பார்த்த புகைச் சோதனை.

வீட்டில் மீயொலி ஈரப்பதமூட்டி இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பக்கவாட்டிலிருந்து கைவிளக்கு அடியுங்கள். சிறிய விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, பனியின் வழியில் ஒரு போத்தலை நிறுத்துங்கள். போத்தலின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம். பின்பக்கத்தில் பனி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்.